எட்டு மில்லிமீட்டர்

இன்று காலை புது சர்க்யூட் போர்டுகள் வந்தன. ஐம்பது ஐம்பதாகக் குமிழித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். பிரித்ததும் அந்த வாசனை எழுந்தது. பிசினும் மையும் கலந்து மூக்கை லேசாக அரிக்கும் வாசனை. நீ இதை ஆழ இழுத்து முகர்ந்துவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் கிடைக்கும் புதுப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்பாய். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. எனக்குப் புதுப் புத்தகம் எல்லா வருஷமும் கிடைத்தது, அதனால் அதன் வாசனை நினைவில் இல்லை.

மேலாக இருந்த ஒன்றை எடுத்தேன். கை தானாக ஜன்னல் பக்கம் உயர்ந்தது. பலகையின் நடுவே, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை, வெளிச்சம் பச்சைப் பட்டையாக ஊடுருவி வர வேண்டும். வந்தது. ஆனால் பட்டை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். அம்மா வாசலில் வைக்கும் கோலப்புள்ளிபோல, வரிசை தவறாமல்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. உன் பெஞ்சில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நீ இருந்திருந்தால் இந்தப் புள்ளிகளை எனக்கு முன்னால் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடாமல், போர்டைக் கொண்டுவந்து என் விசைப்பலகைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய்.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன். நீ போன அன்று கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட இரங்கல் செய்தியில், உன் பெயருக்குப் பக்கத்தில் ‘ஹெல்பர்’ என்று இருந்தது. கூப்பிய கைகள் நாற்பது வந்து விழுந்தன. ஒருவர்கூடத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

நாம் செய்தது மோட்டார் கன்ட்ரோலர். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் கிணற்று மோட்டாரைத் தானே போடும், நிறைந்தால் தானே அணைக்கும். உள்ளங்கையளவுப் பெட்டி, அதற்குள் ஒரே ஒரு போர்டு. போர்டின் இடப்பக்கம் வீட்டு மின்சாரம், இருநூற்று முப்பது வோல்ட், ஆளைக் கொல்லக்கூடியது. வலப்பக்கம் ஐந்து வோல்ட், நாக்கில் வைத்தாலும் ஒன்றும் செய்யாது. அந்த வலப்பக்கத்திலிருந்து கிளம்பும் கம்பிகள்தாம் தொட்டிக்குப் போய்த் தண்ணீருக்குள் தொங்கும். அந்தத் தண்ணீரில்தான் வீடு குளிக்கும், வாய் கொப்பளிக்கும்.

இரண்டையும் இரண்டு போர்டாகப் போட்டால் செலவு. அதனால் ஒரே போர்டில், நடுவே எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெறும் பட்டை. அதில் செம்பு கிடையாது, கம்பி கிடையாது. அதைக் கடந்து சேதி போக வேண்டும் என்றால் வெளிச்சமாகத்தான் போக வேண்டும். அதற்கென்று ஒரு கறுப்புச் சில்லு பட்டைமேல் கால் பரப்பி உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் அதற்குள் பொட்டளவு விளக்கு எரியும், மறுபக்கம் ஒரு கண் அதைப் பார்க்கும். கண் பார்த்தால் மோட்டார் ஓடும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடவே தொடாது.

இதை நான் கல்லூரியில் படித்தேன். வரைந்தேன். வரைந்ததில் தப்பும் செய்தேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவள் நீ.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன்னை எனக்குத் தெரியாது. என்ஜினீயர்களான எங்களுக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட அறை. சர்வீஸ் பெஞ்ச் தகரக் கூடத்தின் கடைசியில், கழிப்பறைக் கதவை ஒட்டி. ரிப்பேருக்குத் திரும்பி வரும் பெட்டிகளைப் பிரிப்பதுதான் உன் வேலை. காண்டிராக்ட் ஆள் என்பதால் உன் அடையாள அட்டைக்கு மஞ்சள் நாடா, எங்களுக்கு நீலம். மஞ்சள் நாடாக்காரர்கள் கண்ணாடிக் கதவைத் தட்டித்தான் வர வேண்டும். நீ தட்டாமல் வந்த அன்று அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் கையில் வித்துரா என்ற ஊரிலிருந்து திரும்பிய ஒரு போர்டு. கூடவே புகார்ச் சீட்டு. குழாயைத் தொட்டால் தரிக்கிறது, அதாவது ஷாக் அடிக்கிறது என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. சூப்பர்வைசர் அதன்மேல் ‘ஈரம், துடைத்து வார்னிஷ் அடிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஏட்டி, இத வரஞ்சது நீயா?" என்றாய்.

அந்த ‘ஏட்டி’ எனக்கு உறைத்தது. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. உன் அப்பா கட்டட வேலைக்கு அங்கிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து, சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் ஒண்டியவர். நீ பிறந்ததே இங்கேதான், பள்ளியில் படித்தது மலையாளம். ஆனாலும் கோபம் வந்தால் உனக்கு அப்பாவின் தமிழ் வந்துவிடும். நான் விறைப்பாக, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

போர்டின் நடுவில் ஒரு இரும்பு ஸ்க்ரூ. அதை நீ கழற்றினாய். வாஷருக்கு அடியில் சின்ன எறும்புகள் கருகி ஒட்டியிருந்தன. அவற்றின் இரு பக்கமும் தலைமயிர் அகலத்தில் மின்சாரம் கருக்கிய ஒரு கறுப்புக் கோடு. இடப்பக்கத்துச் செம்பிலிருந்து வாஷருக்கு ஒன்று, வாஷரிலிருந்து வலப்பக்கத்துக்கு ஒன்று.

முதலாளி மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கிய பெட்டி அது. அடியில் நட்டநடுவே ஒரு பிளாஸ்டிக் தூண். அந்தத் தூணில் போர்டை இறுக்காவிட்டால் மோட்டாரைப் போட்டு அணைக்கும் கனமான ரிலே இருக்கும் இடத்தில் போர்டு வளையும். அதனால் நான் நடுவில் ஒரு துளை போட்டேன். நடு என்றால் பட்டை. பட்டைக்குள் செம்பு இல்லை, துளைதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். வரையும் மென்பொருளை விட்டுச் சோதித்தேன், தவறு ஒன்றும் இல்லை என்றது. அதையே உன்னிடமும் சொன்னேன். கம்ப்யூட்டர் பாஸ் பண்ணியிருக்கிறது என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு ஸ்க்ரூ தெரியாதுட்டி," என்றாய். "கரண்டுக்குத் தெரியும்."

என் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து வாஷரை அளந்தாய். ஏழு மில்லிமீட்டர். பட்டை எட்டு. மிச்சம் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர். இந்த ஊர் ஈரத்துக்கும், பெட்டியின் சூட்டுக்கு வந்து குடியேறும் எறும்புக்கும் அரை மில்லிமீட்டர் ஒரு தூரமே இல்லை. பிறகு வெறும் போர்டு ஒன்றில் புது ஸ்க்ரூவை மாட்டி ஜன்னலில் பிடித்தாய். பச்சைப் பட்டையின் நடுவே வட்டமாக இருட்டு.

"வெளிச்சம் மேல இருந்து கீழ வரைக்கும் முழுசாப் போணும். நடுவுல ஒரு கறுப்பு நின்னா சோலி தீந்துது, கேட்டியா."

இதை யார் உனக்குச் சொல்லித்தந்தார்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாய். பெஞ்சில் ட்யூப்லைட் பழுதாகிப் பலமுறை எழுதிக்கொடுத்தும் மாற்றாததால், எதையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தே பழகிப்போயிற்று என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ட்யூப்லைட் இன்னும் மாற்றவில்லை என்றாய்.

அந்தப் பெட்டிகள் ஏற்கெனவே கடைகளுக்குப் போயிருந்தன. திரும்ப வாங்க வேண்டும் என்று நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உன்னை உட்காரச் சொல்லவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை. அந்த ஒரு நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். திரும்ப வாங்கினால் கம்பெனியின் பெயர் போய்விடும் என்றார். புகாராக வருவதை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம் என்றார். ஆள் செத்தால் யார் புகார் எழுதுவார்கள் என்று நீ மலையாளத்தில், குரலை உயர்த்தாமல் கேட்டாய். அவர் என்னைப் பார்த்து, இவளுக்குச் சொல்லி அழைத்துப்போ என்றார்.

கடைகளிலிருந்து கிடைத்த முகவரிகள் ஏழெட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே போய் மாற்றுவது என்று முடிவு செய்தோம். சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில், மின்சாரம் பாயாத நைலான் ஸ்க்ரூ கேட்டோம். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். இரும்பு இருக்கும்போது பிளாஸ்டிக் எதுக்கு, பொம்மைக்கா என்று கேட்டார். "ஆமா அண்ணாச்சி, இவ வரஞ்ச பொம்மைக்கு" என்று நீ என்னைக் காட்டினாய். அவர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

வித்துரா வீடு நினைவிருக்கிறதா? ரப்பர் வெட்டப் போகிற அம்மா. அவர்களுக்கு மாற்றிக் கொடுத்த பெட்டியிலும் அதே போர்டு, அதே ஸ்க்ரூ. குளியலறை வாசலில் நாலு ஜோடி ரப்பர் செருப்பு வரிசையாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. நீ கேட்டாய். கரண்ட் தரிக்கிறதே, அதனால் எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறோம் என்றார்கள் அந்த அம்மா. கம்பெனிக்காரர்கள் ஈரம் என்று சொல்லிவிட்டார்களே. பிறகு நம்மைச் சமாதானப்படுத்துவதுபோல, "செருப்பு இட்டா குழப்பம் இல்ல மோளே" என்றார்கள்.

போர்டை மாற்றி, நைலான் ஸ்க்ரூ போட்டு, குழாய்க்கும் தரைக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்து, அந்த அம்மாவை வெறும் காலோடு நிற்கச் சொல்லிக் குழாயைத் திறக்க வைத்தாய். அவர்கள் பயந்துகொண்டே தொட்டார்கள். தண்ணீர் கொட்டியது, அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் இறங்கும் இடம் வரும்போது, செருப்புப் போட்டுக் குளிக்கப் பழகிக்கொண்டவர்களைப் பார்த்தால்தான் ஆத்திரம் வருகிறது என்றாய். அவர்கள்மேல் இல்லை என்று உடனே சொன்னாய். அது எனக்குத் தெரியும்.

கடைசி முகவரி கரமனை. எங்கள் வீடு.

முதல் லாட்டில் வந்த ஒன்றைப் பெருமைக்காக நானே வீட்டில் மாட்டியிருந்தேன். அம்மா சில மாதங்களாகவே, குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாமே பிரமை என்று நான் அவள் வாயை அடைத்தேன். என்ஜினீயர் பெண் சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வாள்.

அக்ரஹாரத்து வீடு என்று உனக்கு முன்பே சொல்லியிருந்தேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றப் போனாய். அம்மா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். "பெட்டி கொல்லைப்பக்கம்தானே இருக்கு. சந்து வழியா அழைச்சிண்டு வாயேன். எதுக்கு வீடெல்லாம் சுத்தணும்?" என்றாள். பெட்டி கொல்லையில்தான் இருந்தது. அதனால் அதில் தப்பில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உன்னைச் சந்து வழியாக அழைத்துப் போனேன்.

பெட்டியைத் திறந்தாய். வாஷரைச் சுற்றிப் பழுப்பு ஏறியிருந்தது. இன்னும் கோடு விழவில்லை, விழத் தொடங்கியிருந்தது. டார்ச்சை அடித்து எனக்குக் காட்டினாய். நீ எப்போதும்போல இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, வலக்கை ஒன்றாலேயே அளந்தாய். ஒரு கை மட்டும் பட்டால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகாது என்பது உன் கணக்கு. நான் உனக்கு டார்ச் பிடித்தேன்.

முடிந்ததும் அம்மா காபி கொண்டுவந்தாள். எனக்கு டபராவும் டம்ளரும். உனக்குப் பேப்பர் கப்.

அது எங்கள் வீட்டில் புதிதாக வந்த நாகரிகம். முன்பெல்லாம் தனி டம்ளர் ஒன்று கொல்லை மாடத்தில் கவிழ்ந்திருக்கும், பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். பேப்பர் கப் அப்படி இல்லை. சுத்தம், வசதி, யாரும் எதுவும் சொல்ல முடியாது. குடித்துவிட்டுப் போட்டுவிடலாம். அம்மா உன்னிடம் நன்றாகத்தான் பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள், சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள், கெட்டிக்காரி என்றாள். நீ குடித்தாய். நான் என் டம்ளரைக் கீழே வைத்திருக்கலாம். உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்துவந்திருக்கலாம். பத்தடி தூரம்தான் சமையலறை. காபி ஆறிவிடும் என்பதுபோல நான் வேகமாகக் குடித்து முடித்தேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது நீதான் பேச்செடுத்தாய்.

"உங்க வீட்டுல தடுப்பு நல்ல உறுதி, கேட்டியா. போர்டுலதான் கோட்ட விட்டுட்ட."

சொல்லிவிட்டு என் தோளில் இடித்தாய். சிரித்தாய்கூட. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அம்மா அந்தக் காலத்து மனுஷி என்று சொன்னேன். அம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஃபோனில் மின்கட்டணம் கட்டுகிறாள், பஞ்சாங்கமும் அதிலேயே பார்க்கிறாள். என்ன அந்தக் காலம்? நீ பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு நான் போர்டைத் திருத்தி வரைந்தேன். நடுத்துளையை எடுத்துவிட்டு இரண்டு ஓரங்களிலும் தாங்கல் கொடுத்தேன். கறுப்புச் சில்லின் கால்களுக்கு நடுவே பலகையையே நீளமாகக் கீறி வெட்டச் சொன்னேன், தூசி படிய இடமே இல்லாதபடி. உன்னிடம்தான் முதலில் காட்டினேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தாய். கீறல் வழியாக வெயில் உன் முகத்தில் கோடாக விழுந்தது. இது போதும் என்றாய். என் கல்லூரிச் சான்றிதழைவிட அந்த இரண்டு வார்த்தை எனக்குப் பெரிதாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வாய்.

திருத்திய போர்டில் முதல் ஐந்நூறு வந்த வாரம்தான் மழை கொட்டியது. கால்வாயின் எதிர்க்கரையில் புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள் தங்கள் பக்கத்துச் சுவரை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் வழி இல்லை. உங்கள் பக்கம் ஏறியது. உன் ஒற்றை அறையில் கட்டில்கால் முங்கும்வரை சாக்கடை. இரண்டு நாள் நீயும் உன் அம்மாவும் வாளியால் இறைத்து ஊற்றினீர்கள். சுகாதாரப் பணியாளர்கள் எலிப்பனி என்று இங்கே சொல்லும் எலிக்காய்ச்சலுக்கு முன்மருந்து கொடுக்க வீடு வீடாக வந்த பகலில் நீ வேலைக்கு வந்திருந்தாய். காண்டிராக்ட் ஆளுக்கு லீவு என்றால் அன்றைய கூலி இல்லை.

பிறகு ஒரு காலையில் ஃபோன் செய்து, காய்ச்சல், இன்று வரவில்லை என்றாய்.

நான் உன்னை வரச் சொன்னேன்.

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். ஐந்நூறு போர்டையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், உன்னைத் தவிர யாரும் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள், சூப்பர்வைசர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றேன். எல்லாம் உண்மைதான். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடேன் என்றேன். நீ வந்தாய். கண் சிவந்திருந்தது. தூக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கெண்டைக்கால் பிய்த்துக்கொண்டு போகிறது என்றாய். நாள் முழுக்க ஜன்னலருகில் நிற்கிறாயே, அதனால்தான் என்றேன். என் பையிலிருந்த பாராசிட்டமால் அட்டையைக் கொடுத்தேன். மூன்று நாள் வந்தாய். ஐந்நூறையும் பார்த்து முடித்தாய். சோதனைத் தாளில் உன் பெயர் எழுத இடம் இல்லை. மஞ்சள் நாடாவுக்குக் கையெழுத்து உரிமை கிடையாது. சூப்பர்வைசர் போட்டார்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரி, எலிப்பனி என்றார்கள். ஆறாம் நாள் நீ இல்லை. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னபோது உன் அப்பா பக்கத்தில் நின்றார். அவர் என் பக்கம் திரும்பி, "புள்ள வேலைன்னா உயிர விட்டுரும் மக்ளே" என்றார். நான் ஃபோன் செய்தது அவருக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டும். அதற்கான தைரியம் இன்னும் வரவில்லை.

அதனால் இன்று காலை ஜன்னலில் அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் மற்ற பெட்டிகளைப் பிரிக்கவிடவில்லை.

இந்த முறை போர்டு செய்தவர்கள் புதியவர்கள், அவர்களை ஃபோனில் கூப்பிட்டேன். செம்பு இல்லாத இடம் பெரிதாக இருந்தால் முலாம் சமமாகப் படியாது, அதனால் காலி இடங்களில் புள்ளி போடுவது எங்கள் வழக்கம் என்றார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள். அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வரைபடத்தில் ‘இங்கே எதுவும் போடாதீர்கள்’ என்று நானும் எழுதவில்லை. வெறுமையாக விட்டால் வெறுமையாகவே இருக்கும் என்று நம்பியிருக்கிறேன், மறுபடியும்.

ஒரு போர்டோடு முதலாளியிடம் போனேன். அடுக்குமாடி ஒன்றுக்கு மொத்த ஆர்டர், இந்த வாரம் போக வேண்டியது. அவர் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். "அது எங்கும் முட்டுந்நில்லல்லோ" என்றார். எதிலும் படவில்லைதான். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத்தான் இருந்தது. ஆற்றைக் கடக்கப் போட்ட கல்லும் தனித்தனியாகத்தானே சார் இருக்கும் என்றேன். அளந்து காட்டினேன். குறுக்கே நாலு புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். எட்டில் நாலு போயிற்று. மிச்ச நாலையும் ஈரமும் எறும்பும் பார்த்துக்கொள்ளும்.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் சூப்பர்வைசர் போடுவார் என்றார். அவர் சொன்ன மாதிரியே நடக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் ஃபோனை எடுத்து, போர்டை அவருடைய ஜன்னலிலேயே பிடித்து ஒரு படம் எடுத்தேன். இது அந்தக் கட்டடக்காரர்களின் என்ஜினீயருக்குப் போகும் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கீச்சென்று இருந்தது. நீ பேசுகிற மாதிரி அமைதியாகப் பேச எனக்கு வரவில்லை.

அவர் என் கையிலிருந்த போர்டை வாங்கி மேஜைமேல் போட்டார். பிறகு போர்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். இன்னொன்றும் கேட்டேன். சோதனைத் தாளில் ஒரு வரி கூட்ட வேண்டும், பார்த்தவர்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும், நாடா எந்த நிறமாக இருந்தாலும். என்னவோ செய்துகொள் என்று கையை வீசினார். அடுத்த மாதம் எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அதைப் பற்றி நாளைக்கு யோசிக்கலாம்.

பத்து நிமிஷத்தில் தாளை அச்செடுத்தேன். ‘ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தடையின்றிப் போகிறது / போகவில்லை.’ அதன் கீழே ஒரு கோடு. உன் பெஞ்சில் இருப்பவளிடம் கொண்டுபோனேன். பாறசாலைக்காரி, பேச்சு குறைவு. ஒரு போர்டைப் பிடித்துப் பார்த்தாள். ‘போகவில்லை’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். பேனாவை மூடப் போனவள், கீழே இருந்த கோட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"ஞான் எழுதலாமா சேச்சி?" என்றாள்.

எழுது என்றேன். தன் பெயரை, இனிஷியலோடு, பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல மெதுவாக எழுதினாள்.

கரமனை வீட்டில் அந்தப் பேப்பர் கப் கட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. நீ போன மறுநாளிலிருந்து நான் அதில்தான் காபி குடிக்கிறேன். முதலில் அம்மா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். பிறகு ஒருநாள், என்னடி இது கோலம் என்று கேட்டாள். நாம் குளிக்கிற தண்ணீரில் கரண்ட் வராமல் செய்தவளுக்கு இதில்தான் கொடுத்தோம் என்றேன். அம்மா அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். கட்டு தீர்ந்ததும் புதுக்கட்டு வாங்கிவைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இன்று மாலையும் அதில்தான் குடித்தேன். காகிதம் மெல்லியது, சூடு தாங்காது. ஒரு கையால் பிடித்தால் விரல் சுடுகிறது. அன்றைக்குக் கொல்லையில் நீ அதை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாய். முதுகுக்குப் பின்னாலிருந்த உன் இடக்கை அப்போதுதான் முன்னால் வந்தது.

நானும் இரண்டு கையாலும்தான் பிடிக்கிறேன்.